கிறகோரியின் முகமும் சுறா எண்ணெயும்

குருநகர்க் கிறகோரிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் நாற்பத்தொன்பது வயது. பதின்மூன்று வயதில் வள்ளம் ஏறியவர். கோவில் முன்றிலில் கூத்துப் போட்ட வருடமெல்லாம், பதினேழு வருடமாக, இளவரசன் வேடம் அவருடையதுதான். தகப்பனாகிய அரசனின் சொல்லை மீறிக் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து தலை கொடுக்கும் பிள்ளை அந்த இளவரசன்.

கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் செபநாயகம், கிறகோரியின் மனைவி இராசாத்திக்குப் பெரியதாய் மகன். அந்த வருடம் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மச்சான், குறை நினையாதை. தொண்டை அப்பிடியே கிடக்கு. ஆனா நீ மகன் எண்டு வந்து நிக்க, தேப்பன் வேசக்காரன் உனக்குத் தம்பி மாதிரி இருக்கிறான். இந்த முறை பேதுரு செய்யட்டும்."

பேதுரு கிறகோரியின் தங்கை மகன், இருபத்திரண்டு வயது.

"கூத்துக்கு மூண்டு மாதம் கிடக்கல்லோ," என்றார் கிறகோரி. "வேசம் பூசி ஆடிப் பாக்கிற அண்டைக்கு என்ரை முகத்தைப் பாத்திட்டு முடிவைச் சொல்லு."

"ஓம், பாப்பம்."

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தார். கடல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கடைக்கண்ணில் விசிறிபோலக் கோடுகள். நெற்றியில் நாலு. கழுத்துத் தோல் காய்ந்த கருவாடு.

"இஞ்சேருங்கோ," என்றாள் இராசாத்தி, "இடுப்பிலை சாரம் மறைச்ச இடமெல்லாம் நீங்கள் இன்னும் மாப்பிள்ளைதான். வெயில் பட்ட இடந்தான் கிழவன்."

"சாரத்தை முகத்திலை கட்டிக்கொண்டே ஆடுறது?"

அவள் ஒரு மாதம் பயற்றம் மாவும் பாலாடையும் குழைத்துப் பூசிவிட்டாள். தோல் மெதுவானது, கோடு போகவில்லை. பெரியகடையில் வாங்கிய ஸ்நோ என்ற முகப்பூச்சு நல்ல வாசம். கடலில் வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போய் எரிந்ததில் வலையை விடப் பார்த்தார். அத்தோடு ஸ்நோவையும் விட்டார்.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வெயிலும் உப்பும் பட்டால் வள்ளத்துப் பலகையும் வெடிக்கும். சுறா ஈரல் எண்ணெய் பூசினால் வெடிப்பதில்லை.

"பலகைக்கு உதவுறது தோலுக்கு உதவாதோ?"

"பலகைக்கு மூக்கில்லை," என்று சொல்லி இராசாத்தி பாயை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள்.

ஆறு கிழமை பூசினார். பொய் சொல்லக்கூடாது, தோல் கறுத்து மினுங்கியது. சின்ன வெடிப்புகள் மூடின. நாலைந்து வயது குறைந்ததாகவே அவருக்குத் தெரிந்தது. பூசி ஆடிப் பார்க்கும் ஞாயிறு காலையில் இன்னும் ஒரு கை கூடவே தேய்த்துக்கொண்டு போனார்.

அண்ணாவியார் வேடத்துக்குப் பூசும் முத்துவெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து அவர் முகத்தில் தடவினார். சேம்பிலைத் தண்ணீர்போல அது திரண்டு உருண்டது. இரண்டாம் முறை தடவ, மினுங்கிய இடமெல்லாம் வழுகி, கோடுகளுக்குள் மட்டும் போய் நின்றது. கறுத்த முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது. இருந்த ஆட்கள் சிரித்துச் சிரித்து இருமினார்கள்.

"மச்சான், வள்ளத்தைக் கரையிலை விட்டிட்டு முகத்துக்கோ எண்ணெய் போட்டனி?" என்றார் அண்ணாவியார்.

கிறகோரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, வெறும் முகத்தோடு இளவரசனின் முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பாடினார். ஓரிடத்திலும் பிழையில்லை. சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். செபநாயகம் தாளத்தைக் கீழே வைத்தார்.

"பாட்டிலை குறையில்லை, மச்சான். முகத்தை நீயே பாத்தாய். தேப்பன் வேசக்காரனுக்கு வேறை வேசம் குடுக்கிறன், நீ அரசனைச் செய்யிறியோ?"

"எத்தினை பாட்டு?"

"பதினொண்டு."

"மகனுக்குப் பதினாலல்லோ?"

"பதினாலுதான். ஆனா மகனைக் கொல்லச் சொல்லிப் போட்டு அரசன் அழுற பாட்டு, அது ஒருத்தருக்கும் இன்னும் சரிவரேல்லை."

கிறகோரி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. அதைச் சொல்லித் தா."

அரங்கேற்றத்தன்று அவர் அரசன் உடுப்போடு, பழைய பழக்கத்தில் இளவரசன் வரும் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். பேதுரு பின்னாலிருந்து, "மாமா, நீங்கள் அங்காலை," என்று மெல்லச் சொன்னான். சனத்துக்கு முன்னால் மேடையைக் குறுக்கே கடந்துதான் மற்றப் பக்கம் போகவேண்டியிருந்தது. ஓடினால் வெட்கம். கிறகோரி தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்தார். அரசன் வாறான் என்று சனம் எழும்பிப் பார்த்தது.