கொத்துச் சத்தமும் இரண்டு ஹெட்போன்களும்

இலஞ்சி விலக்கில் இறங்குகிறவர்கள் இசக்கிமணி பரோட்டாக் கடைக்கு வழி கேட்கத் தேவையில்லை. சாயங்கால நேரமாக இருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலே போதும். சூடான கல்லில் பரோட்டாவையும் முட்டையையும் சால்னாவையும் போட்டு, இரண்டு இரும்புத் தகடுகளால் அவர் கொத்துகிற கொத்து எதிர்ச்சாரி மருந்துக்கடை வரைக்கும் கேட்கும். கொத்துவதில் அவருக்கென்று ஒரு தாளம் உண்டு. மெதுவாகத் தட்டி ஆரம்பிப்பார், போகப் போக வேகம் பிடிப்பார், முடிக்கும்போது தகடு இரண்டையும் கல்லின் ஓரத்தில் ஓங்கி ஒரு போடு போடுவார். அந்தக் கடைசிப் போட்டைக் கேட்பதற்காகவே கல்லுக்குப் பக்கத்து மேசையைப் பிடித்து உட்காருகிறவர்கள் உண்டு. மனிதருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பட்டுக்கொள்ளட்டும், கை அப்பேர்ப்பட்ட கை.

ஆனால் இந்தக் கதை அவரைப் பற்றியது இல்லை. கடைக்கு மேலே மாடி வீட்டில் இருக்கிற அவர் மனைவி அனுசியாவைப் பற்றியது.

அனுசியா பிறந்தது புளியரையில். கேரளா அங்கிருந்து கூப்பிடு தூரம். அவளுடைய அப்பா ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறவர். பள்ளிக்கூடம் லீவு என்றால் மகளும் வேனில் தொற்றிக்கொள்வாள். தராசுக்குப் பக்கத்தில் நின்று நின்று படிந்த மலையாளம் அது. கல்யாணமாகி இலஞ்சிக்கு வந்த பிறகு, சீசனுக்கு அருவியில் குளிக்க வரும் மலையாளிகள் கடையில் உட்கார்ந்தால் அவள்தான் பேசுவாள். "கொல்லத்தில் உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று அவர்களே கேட்பார்கள். அனுசியா சிரித்துக்கொண்டு நிற்பாள். நான் அந்த ஊர் இல்லை என்று சொல்வதற்கு ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

ஒரே மகள் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்தபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கொச்சியில் இருக்கும் ஒரு கம்பெனி ஆள் எடுப்பது தெரியவந்தது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கும் மலையாளம் பேசும் டாக்டர்களுக்கும் நடுவே போனில் இருந்துகொண்டு, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். அனுசியா விண்ணப்பித்தாள். மொழிப் பரீட்சை இரண்டையும் முதல் தடவையிலேயே தாண்டினாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு சோதனை அழைப்பு. அதை நடத்தும் ஷீபா மேடம் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்: டாக்டர் சொல்வதில் ஒரு சொல் தப்பினாலும் விபரீதம், அதனால் பின்னால் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. வேலை நேரம் சாயங்காலம், டாக்டர்கள் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம்.

அதுதான் கீழே கொத்து உச்சத்தில் இருக்கும் நேரமும்.

விஷயத்தைக் கேட்ட இசக்கிமணி கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்த நேரத்துக்குக் கொத்த நிப்பாட்டிருதேன்ட்டி. வெறும் பரோட்டா போட்டு ஓட்டுவோம்" என்றார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, முகம் தொங்கிப்போய்விட்டது.

"ஒங்க கையக் கட்டிப் போட்டுட்டு எனக்கு ஒரு வேலையா? அப்படி ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அனுசியா. "வேற வழி இல்லாமலா போவும்?"

வழி, தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் முகம்மது சலீமிடம் இருந்தது. சலீம் அவள் முன்னால் இரண்டு ஹெட்போன்களை எடுத்து வைத்தான். இரண்டின் டப்பாவிலும் சத்தத்தைக் குறைக்கும் என்றுதான் எழுதியிருந்தது. ஒன்று கறுப்பு, காதை முழுசாக மூடும் மெத்தை வைத்தது, பார்க்கவே ஒரு மிடுக்கு. இன்னொன்று சாம்பல் நிறம், காதில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும், வாய்க்கு நேராக ஒரு குச்சி மைக் நீட்டிக்கொண்டிருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"எது நல்லது தம்பி?"

"ரெண்டையும் கொண்டு போய்ப் பாருங்கக்கா. பிடிச்சத வச்சிக்கிட்டு மத்தத திருப்பிக் குடுங்க. அண்ணாச்சி கடை சால்னா தின்ன வாய், ஒங்களுக்கு இது கூடச் செய்யாமலா?"

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில் இசக்கிமணிக்குச் சந்தேகமே இல்லை. மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் வீட்டிலேயே மாட்டிப் பார்த்திருப்பார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சத்தம் என்றாலே பேரருவிதான். கல்யாண வீட்டு மேளமாகட்டும் அரிசி ஆலையாகட்டும், அருவியோடு ஒப்பிட்டுப் பேசித்தான் பழக்கம். "அருவிய அடக்கிட்டா மத்ததெல்லாம் என்னத்துக்கு ஆவும்?" என்றார் அவர். அனுசியாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலையில் எண்ணெய் வழிய வரிசையில் நின்ற கூட்டம், குடைக்குள் ஹெட்போனோடு நிற்கும் பொம்பளையை ஒரு மாதிரிப் பார்த்தது. அனுசியா முதலில் சாம்பலை மாட்டினாள். அருவி அருவியாகத்தான் இருந்தது. அடுத்து கறுப்பை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். அவ்வளவு பெரிய அருவி பொசுக்கென்று அடங்கிவிட்டது. கண் முன்னால் தண்ணீர் விழுகிறது, காதில் ஒன்றும் இல்லை. அவளுக்குப் புல்லரித்துப் போயிற்று. கழற்றி இசக்கிமணியின் காதில் வைத்தாள்.

"ஏ யம்மா!" என்று அவர் போட்ட கூச்சலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "அருவியவே அமத்திட்டாம்லா!"

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? சாம்பல் அன்றைக்கே சலீம் கடைக்குத் திரும்பிப் போனது. இசக்கிமணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அருவியை அடக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனை அழைப்பு வந்த சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். அனுசியா மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கறுப்பை மாட்டினாள். கொத்துச் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் யாரோ தட்டுவது போல லேசாகக் கேட்டது. நிம்மதியாகப் பேச ஆரம்பித்தாள். நாலு வாக்கியம் போவதற்குள் ஷீபா மேடம் குறுக்கிட்டார்.

"பின்னால் என்ன, கட்டட வேலை நடக்கிறதா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"இங்கே ஒரு சத்தமும் இல்லையே மேடம்" என்றாள் அனுசியா. அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை. அவள் காதுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

"அனுசியா, நீங்கள் பேசுவதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம்தான் கேட்கிறது. இல்லை என்று ஏன் சொல்கிறீர்கள்?"

அனுசியா ஹெட்போனைக் கழற்றினாள். கொத்து காதைப் பிளந்துகொண்டு ஏறியது. உனக்கு மலையாளம் தெரியாது என்று மேடம் சொல்லியிருந்தால் கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பொய் சொல்கிறவள் என்று நினைத்துவிட்டார்களே என்பதில்தான் கண் கலங்கிப் போனது. அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அதுவே கடைசி என்றும் சொல்லிவிட்டு ஷீபா மேடம் போனை வைத்தார்.

அந்தச் சூட்டோடு சலீமைப் போனில் கூப்பிட்டாள். கறுப்பை மறுபடி மாட்டிக்கொண்டுதான் கூப்பிட்டாள்.

"அக்கா, கடைல நல்ல யாவாரம் போல! அண்ணாச்சி கொத்துதது மட்டுந்தான் கேக்குது. நீங்க என்ன சொல்லுதீங்கன்னே வெளங்கல."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. கறுப்பு அவள் காதை மட்டுந்தான் மூடியிருக்கிறது, அவளோடு பேசுகிறவர்களின் காதை இல்லை. அருவிக்கரையில் இரண்டு பேரும் மாறி மாறி மாட்டிப் பார்த்தார்களே, அங்கே நின்று யாரையாவது கூப்பிட்டு உங்களுக்கு என்ன கேட்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அமைதி வேண்டியது யாருக்கு என்பதையே யோசிக்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"எனக்கும் அது தோணலக்கா" என்று சலீமும் ஒத்துக்கொண்டான். "இங்கன வாங்குதவங்க எல்லாம் பாட்டுக் கேக்கத்தான வாங்குதாங்க. சாம்பல்ல இருக்க குச்சி மைக்கு வாய்ப் பேச்ச மட்டுந்தான் எடுக்கும், அதப் பாருங்க."

மறுநாள் சாம்பலை வாங்கி வந்தாள். இந்தத் தடவை அருவிக்குப் போகவில்லை. சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் மாடிப்படியில், கல்லுக்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டு சலீமைக் கூப்பிட்டாள். கீழே கொத்து இடியாக இடித்தது. சாம்பல் அவள் காதைக் காப்பாற்றவே இல்லை, சத்தம் அப்படியே உள்ளே வந்தது.

"தம்பி, என்ன கேக்குது?"

"நீங்க பேசுதது பளிச்சுனு கேக்குதுக்கா. ஏன், கடை இன்னைக்கு லீவா?"

அனுசியா படியிலிருந்து எட்டிக் கத்தினாள். "கொத்துச் சத்தமே கேக்கலையாம்!"

இசக்கிமணி தகட்டைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். "கேக்கலையா? ஒழுங்காக் கேக்கச் சொல்லுட்டி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கிக் கொத்தினார்.

"இப்பவும் ஒண்ணும் இல்லையாம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இசக்கிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே கேட்கிற தன் கொத்தை ஒரு குச்சி மைக் முழுங்கிவிட்டதே என்று அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அன்று முழுக்க முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்கு நல்லது என்பதும் புரிந்தது, ரோஷமும் விடவில்லை.

அனுசியாவுக்கு இப்போது ஒரே கேள்விதான். கறுப்பு தனக்கு அமைதி, சாம்பல் பிறத்தியாருக்கு அமைதி. காதுக்குள் கொத்து விழ விழ டாக்டர் சொல்வதைப் பிசகாமல் சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சத்தத்துக்குள்தான் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பத்து மேசைக்கு ஆர்டர் கேட்டு மாறாமல் சொல்லியிருக்கிறாள், தூங்கக்கூடத் தூங்கியிருக்கிறாள். நம்மால் முடியாவிட்டால் வேறு யாரால் முடியும் என்று தோன்றியது. கறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடைசி வாய்ப்புக்கு ஷீபா மேடம் ஒரு நிஜ அழைப்பையே இணைத்தார். சிவகிரிக்காரர் ஒருவர்; மனைவிக்கு இதய வால்வில் ஆபரேஷன். டாக்டர் மலையாளத்தில் நீளமாகச் சொன்னார். கீழே இசக்கிமணி வேகம் பிடித்திருந்தார். அனுசியா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் சொன்னதில் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் தமிழில் சொன்னாள்.

"தாயி, பொழச்சிருவாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அந்த மனிதர். குரல் உடைந்திருந்தது.

பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கேட்டதைக் கேட்டபடியே டாக்டரிடம் கேட்டாள். வந்த பதிலை அப்படியே சொன்னாள். "ஆபத்து கொஞ்சம் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரும்பாலும் நல்லபடியா எந்திரிச்சிருவாங்கன்னு டாக்டர் சொல்லுதாரு."

அவர் பெருமூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. "நம்ம ஊர்ப் பேச்சா இருக்கே. நல்லா இருங்க தாயி" என்றார்.

அவர் போன பிறகு ஷீபா மேடம் சொன்னார். "இன்றைக்கு நல்ல அமைதி. வேறு இடத்துக்கு மாறிவிட்டீர்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அனுசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லை மேடம். அதே இடம்தான். எங்கள் பரோட்டாக் கடை மாடி. அன்றைக்கு நீங்கள் கேட்டது என் வீட்டுக்காரர் கொத்துப் பரோட்டா போடுகிற சத்தம். இப்போதும் கீழே கொத்திக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்காது."



"அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டா இவ்வளவும் சொன்னீர்கள்?" என்றார் ஷீபா மேடம். "நாளை சாயங்காலத்திலிருந்து வேலைக்கு உட்காருங்கள்."

அனுசியா படியில் தடதடவென்று இறங்கினாள். கடையில் உட்கார இடமில்லை. இசக்கிமணி முழு வேகத்தில் கொத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் என்ன என்று புருவத்தை உயர்த்தினார். அவள் சொன்னாள், உதடு அசைந்ததே தவிர அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

இசக்கிமணி நிறுத்தினார். யார் கூப்பிட்டாலும் எது வந்தாலும் பாதியில் நிறுத்தாத மனிதர், தகடு இரண்டையும் கல் மேலேயே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். கடை கப்சிப்பென்று ஆனது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"சத்தமாச் சொல்லு. எல்லாருங் கேக்கட்டும்" என்றார்.

"வேலை கெடச்சிட்டு" என்றாள் அனுசியா.

கல்லில் முட்டை கருகுகிற வாடை வந்தது. ஆர்டர் கொடுத்தவர்தான் முதலில் கைதட்டினார்.