பக்கத்தின் அடியில் எங்கள் பள்ளி

என் சந்தேகப் புத்தி எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேக்கா சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீன் வாங்கியதில்லை. வகுப்பிலும் அதே கதைதான். இணையத்தில் கிடைத்தது என்று பிள்ளைகள் எதைக் காட்டினாலும், எழுதியது யார், எதற்காக என்று குடைந்துகொண்டே இருப்பேன்.

அதனால்தானோ என்னவோ, உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆய்வுத்திறன் கற்றுக்கொடுக்க ஓர் இணையத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கூடவே என் பக்கத்து மேசைத் தோழியின் தலையிலும். இருவரும் தனித்தனியாகப் பார்த்து, இருவரும் சரி என்றால்தான் தளம் வகுப்புக்குப் போகும்.

ஒரு தளம் கண்ணைப் பறித்தது. பாடங்களைத் திறக்கப் பள்ளி மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னது, செய்தேன். உள்ளே எழுதியவர் பெயர் எங்குமே இல்லை. பழைய சுவா சூ காங் பண்ணை என்று போட்டிருந்த படத்தில் பின்னால் ஒரு மலைத்தொடர். சிங்கப்பூரில் ஏது மலைத்தொடர்? சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அடிவரை பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று மூடினேன்.

மறுவாரம் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால், அதற்குத்தான் தோழி முழு மதிப்பெண் போட்டிருந்தாள். ஒரு காற்புள்ளிக்குக்கூட என்னோடு மல்லுக்கு நிற்பவள்! இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. அவள் கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தேநீர் குடிக்கும்போது நைசாகக் கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் கம்பெனி ஸ்கூல் வெப்சைட்லாம் பண்றாங்களா?"

"இல்லையேக்கா, ஏன்?"

அந்த 'ஏன்'கூட எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இருவரும் தேக்கா மீன்கடையில் நின்றோம். அவளுக்கும் சேர்த்து நான்தான் மீன் பார்ப்பேன். அவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்குமேல் அடக்க முடியாமல் போட்டு உடைத்தேன்.

"அந்த சைட்டுக்கு எப்படி ஃபுல் மார்க் குடுத்தே? உன் வீட்டுக்காரர் செஞ்சதா?"

அவள் முகம் மாறியது. ஃபோனை எடுத்து, தளத்தின் அடிவரை தள்ளிக் காட்டினாள். 'எங்களை நம்பும் பள்ளிகள்' என்ற தலைப்பின் கீழே எங்கள் பள்ளியின் பெயர்.

"நம்ம ஸ்கூல் பேரு இருக்கு லா. உங்களத் தாண்டி நம்ம பேரு அங்க எப்படிப் போகும்? நீங்க ஓகே சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் நான் சரியாக்கூட பாக்கல."

நான் பார்த்த அன்று அந்தப் பெயர் அங்கே இல்லை. இவள் சரியாகவே பார்க்கவில்லை என்றால், பள்ளியிலிருந்து பதிவு செய்தவள் நான் ஒருத்திதான். என் மின்னஞ்சலில் இருந்த பள்ளிப் பெயரை வைத்துக்கொண்டு, நான் நம்பாத தளம் என்னையே சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறது. அந்தச் சாட்சியைத்தான் அவள் நம்பியிருக்கிறாள்.

அதை அவளிடம் சொன்னேன். பெயரை எடுக்கச் சொல்லி நாளைக்கே எழுதுகிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். 

"பரவால்லக்கா," என்றாள்.

அவளுக்கு மீன் எடுக்கக் கை நீட்டினேன்.

"வேணாங்கா, நானே பாத்துக்குறேன்," என்று குனிந்து, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.