தண்டையார்பேட்டை மெட்ரோவில் காற்று வீசும் திசை

மெட்ரோ நிலையம் பார்ப்பதற்காகவே லீவு போடுகிற ஆள் நான். ஆபீசில் இதற்குப் பல்வலி என்று பெயர். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பல்வலி மறுபடி வந்தது. வடசென்னையில் மேம்பாலத்தில் ஓடி வரும் மெட்ரோ, தண்டையார்பேட்டைக்கு முன்னால் பூமிக்குள் இறங்குகிறது. அதை முதல் பெட்டியில் நின்று பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

திருவொற்றியூர் தேரடியில் ஒன்பது ஐம்பதுக்கு ஏறினேன். தண்டையார்பேட்டைக்கு டிக்கெட் இருபது ரூபாய். முதல் பெட்டியில் எனக்கு முன்பே ஏழு பேர் நின்றிருந்தார்கள், ஆளுக்கு ஒரு சீர்வரிசைத் தட்டோடு. பழம், பூ, புடவை, லட்டு. சீட்டெல்லாம் காலி. சீர்த்தட்டைப் பெண் வீட்டில்தான் இறக்க வேண்டுமாம், அதுவரை தூக்குபவரும் உட்காரக் கூடாதாம்.

அவர்களுக்குத் தலைவி மாப்பிள்ளையின் அத்தை தேசம்மா, கடலோரக் குப்பத்தில் மீன் ஏலம் விடுபவர். பெட்டி முழுக்க அவர் குரல்தான். அதற்கு முந்தின மாதமே நிச்சயதார்த்தத்துக்குப் போனார்களாம். வேனில் போய் டிராபிக்கில் மாட்டி, ராகுகாலத்தில் போய் இறங்க, பெண்ணின் அப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். இன்றைக்குப் பத்தரைக்கு ராகுகாலம். "இன்னிக்கும் லேட்டானா வேற எடம் பாத்துக்கோன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு, நைனா. எங்க பையன் ரெண்டு நாளா சோறு துன்னல," என்றார் என்னிடம். மாப்பிள்ளைப் பையன் பக்கத்திலேயே லட்டுத் தட்டோடு நின்றான்.

ரயில் சரிவில் இறங்கியது. வெளிச்சம் போய்ச் சுரங்கச் சுவர் வந்தது. நான் ஆ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா, சீரத் தூக்கிகினு பாதாளத்துக்குப் போவுது?" என்றார் தேசம்மா.

"நிலையமே கீழதான்க்கா. அப்புறம் மேல ஏறிடலாம்."

தண்டையார்பேட்டையில் எல்லோரும் இறங்கினோம். நிலையத்தின் அமைப்பு எளிமையானது. அடியில் பிளாட்பாரம், அதற்கு மேல் டிக்கெட் கூடம், அதற்கும் மேல் சாலை. 2021-இல் திறப்பதற்கு முன் பல வருஷம் இந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் பக்கத்து ராயபுரத்தில்தான். ஆனாலும் இந்தப் பகுதிக்கு மெட்ரோ வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு.

சுவரில் இருந்த நிலைய வரைபடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது தேசம்மா டிக்கெட் கூடத்தின் நடுவில் நின்று முகத்தைத் தூக்கிக் காற்றை மோந்தார். "பொண்ணு வூடு கடல் பக்கம். காத்து இங்கேர்ந்து வருது. அப்ப கடல் இங்கதான் கீது." மற்ற ஆறு தட்டும் அவர் பின்னால் போயின. காற்று வந்தது ஏசி குழாயிலிருந்து. நான் ஓடிப் போய்ச் சொல்வதற்குள் அவர்கள் மேற்கு வாசலில் ஏறி நடைபாதையில் நின்றிருந்தார்கள்.

பெண் வீடு எதிரே தெரிந்தது. நடுவில் கன்டெய்னர் லாரிகள், சாலைத் தடுப்பு. மணி பத்தேகால்.

"வந்த படியிலயே இறங்கி அந்தப் பக்கம் ஏறிடலாம்," என்றேன்.

"சீரு எடுத்தா திரும்பக் கூடாது. திரும்பினா கல்யாணமும் திரும்பிப்பூடும்." தேசம்மாவின் குரல் முதல் முறையாக இறங்கியது. பையன் கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் நடைபாதையிலேயே, எங்களுக்கு நேர் முன்னால், நிலையத்தின் லிப்ட் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் ஏறினால் கீழே எதிர்ப்பக்கக் கதவு திறக்கும் வகை. "அக்கா, நேரா நடங்க. யாரும் திரும்ப வேணாம்." தேசம்மா லிப்டுக்குள் எட்டி எதிர்க் கதவைப் பார்த்தார். பிறகு, "அப்ப இது வேற வழி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறினார். உள்ளே வாழைப்பழத் தட்டு என் மூக்கை அழுத்தியது.

கீழே கதவு திறந்தால், எதிர் வாசலிலிருந்து பெண்ணின் அப்பா ஆரத்தித் தட்டோடு உறவினர் சூழ வேகமாக வந்துகொண்டிருந்தார். நாங்கள் எதிர்ப்பக்கம் மாட்டி நின்றதை வீட்டு மாடியிலிருந்து பார்த்துப் பொறுக்காமல் இறங்கியிருக்கிறார். மணி பத்து இருபத்தைந்து. இனி மேலே ஏறி வீடு போய்ச் சேர முடியாது.

"இங்கியே வாங்கிக்கிறோம். ஆனா எங்க எல்லைக்குள்ள வந்து குடுக்கணும்," என்றார்.

எல்லை எது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனில் வரைபடத்தை விரித்தேன். "இந்தத் தூணுக்கு மேலதான் ரோட்டு நடு. இதைத் தாண்டினா பொண்ணு வீட்டுப் பக்கம்." தேசம்மா தூணைத் தாண்டி முதல் தட்டைக் கொடுத்தார். காவலர் ஓடி வந்து கற்பூரம் கூடாது என்றார். பெண்ணின் அப்பா செல்போன் டார்ச்சைப் போட்டுத் தட்டில் வைத்துச் சுற்றினார். பையன் அழுதுகொண்டே சிரித்தான். காவலருக்கும் லட்டு கிடைத்தது.

நீங்கள் போவதாக இருந்தால் காலை பத்துக்கு முன் போங்கள், முதல் பெட்டியில் நில்லுங்கள், வெளியேறும்போது பலகையைப் படியுங்கள், காற்றை நம்பாதீர்கள். சாலையைக் கடக்க மட்டும் டிக்கெட் வேண்டாம்.

அன்று என் நம்பரை வாங்கிக்கொண்ட தேசம்மா நேற்று போன் செய்தார். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டதாம், மாத்தூரில்.

"அங்க மெட்ரோவே இல்லியேக்கா."

"அதான் நைனா அங்க புடிச்சோம்," என்றார்.