ரெமி ஓடியதை அவன் அப்பா பார்த்த நாள்

கரும்பு லாரி ஓட்டும் ஆல்சீட் நார்சிஸ், தன் மகன் ரெமி, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. பள்ளி ஆட்டங்கள் நடக்கும் மாதங்களில்தான் எங்கள் லூசியானாப் பக்கம் கரும்பு நடவும் வெட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே மைதானத்தில் இருக்கும். அவரைப்போலவே லாரி ஓட்டும் நானும் ஆல்சீட்டும் சர்க்கரை ஆலை வாசலில் லாரி வரிசையில் நிற்போம். ரேடியோவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார்: "பந்து ரெமி கையில! ஒருத்தன் காலப் புடிச்சான், உதறிட்டான்... போயிட்டான்யா, போயிட்டான்!"

ஆல்சீட் சந்தோஷத்தில் ஹாரனை அழுத்துவார். முன்னால் நிற்கும் லாரிக்காரன் தலையை நீட்டித் திட்டுவான்.

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாய்க்க வருகிறவர்களுக்கு நடுவே புகுந்து ஓடவேண்டும். அதுதான் ரெமியின் வேலை. அதில் எங்கள் வட்டாரத்தில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. பள்ளி முடியும்போது பல கல்லூரிகள் அவனைக் கூப்பிட்டன. வடக்கே, வெகு தொலைவில் ஒன்றில் சேர்ந்தான்.

போனபிறகுதான் தெரிந்தது. அங்கிருந்த ஒவ்வொருவனும் அவனவன் ஊரின் ரெமி. ஓட்டக்காரர்களில் இவன் கடைசி ஆள். சீருடை போட்டுக்கொண்டு மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பதோடு சரி. அவன் அம்மா வெர்லீன் போனில், "சாப்பிட்டியாடா?" என்றால் "ம்." "ஆட்டம் எப்படிப் போச்சு?" என்றாலும் "ம்." அப்பாவிடம் மட்டும், "நீங்க வராதீங்கப்பா. என்னை இறக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தான்.

அந்த அக்டோபரில் விடாத மழை. வயலெல்லாம் சேறாகி வெட்டு நின்றது. சனிக்கிழமை விடியுமுன் ஆல்சீட் என் கதவைத் தட்டினார்.

"டூசான், கிளம்பு. என் பையனப் பாத்துட்டு வரலாம்."

வெர்லீன் இறால் போட்ட கம்போக் குழம்புப் பானையைத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நீளமான ரொட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டாள்.

வெகுநேரம் காரோட்டி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆட்டம் முழுக்க ஆல்சீட் கோட்டோரம் நின்ற ரெமியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் பொறுக்காமல், "ஐயா, ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது" என்றார்.

"எனக்கு இந்தப் பக்கம்தான்" என்றார் ஆல்சீட்.

ஆட்டம் முடிந்து, கார்கள் நிற்கும் புல்வெளிக்கு ரெமி வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் ஆடவே இல்லையேப்பா."

"பாத்தேன். உள்ள ஆடுறவனுக்கெல்லாம் கை தட்டிக்கிட்டு இருந்த."

"இங்க நான் யாருமே இல்லப்பா. உங்ககூடவே வந்துடட்டுமா? லாரி ஓட்டுறேன்."

ஆல்சீட் அவன் தோளைத் தட்டி, "வரதுன்னா வா. வண்டில இடம் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ எனக்கு ஓடிக் காட்டு" என்றார்.

பந்து இல்லை. வெர்லீன் ரொட்டியைத் துணியில் சுற்றி நீட்டினாள். ஆல்சீட் காலை அகற்றி, கைகளை விரித்து நின்றார். "வாடா! என்னத் தாண்டு பாக்கலாம்!"

ரெமி சிரித்துவிட்டான். ரொட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். கிட்டே வந்ததும் இடது தோளைத் தாழ்த்தினான். ஆல்சீட் அந்தப் பக்கம் பாய்ந்தார். அவனோ வலப்பக்கமாக நழுவிப் போயிருந்தான். ஈரப் புல்லில் ஆல்சீட் தொப்பென்று விழுந்து, எழுந்திருக்காமல் படுத்தபடியே சிரித்தார். கண்ணில் நீர்.

"இப்படியாடா ஓடுவ? இன்னொரு தடவ!"

பக்கத்தில் காரோரம் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ரசிகர்களும் மறிக்க வந்தார்கள். இடுக்கியோடு வந்த குண்டு மனிதர் ஒருவரும் விழுந்தார்.

"போதும், ரொட்டி தூளாயிடும்!" என்று வெர்லீன் அதட்டியபிறகுதான் நிறுத்தினார்கள். புல்லில் உட்கார்ந்து, நசுங்கின ரொட்டியைக் கம்போவில் தோய்த்துச் சாப்பிட்டோம். ரெமி மூன்று கிண்ணம் காலி செய்தான். ஊருக்கு வருவதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது கையசைத்துவிட்டு விடுதிப் பக்கம் நடந்தான்.

அடுத்த வருஷம் அவனைக் களத்தில் இறக்கினார்கள். நன்றாகவே ஓடினான்.

ஆனால் ஆல்சீட், நாங்கள் ரெமியைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் லாரியிலிருந்து இறங்கினார். ஆலையில் யார் என்னவென்று கேட்டாலும், "என் பையன் என்னத் தாண்டிட்டான்யா" என்பார்.