முப்பது கிலோ மணல்

வண்டிச் சோதனைக் கம்பெனியில் அவருக்குப் பெயரே தராசுதான். புதிதாக வரும் வண்டி நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். இரண்டு வண்டிகளை ஒப்பிடும் நாளில் ஓட்டுகிறவர்களையும் எடை மேடையில் ஏற்றிவிடுவார். யார் எடை குறைவோ, அவர் வண்டியில் அந்த வித்தியாசத்துக்கு மணல் மூட்டை ஏறும். விதியைக் கொண்டுவந்ததே அவர்தான். முதலாளி மறந்தாலும் அவர் விடமாட்டார்.

இன்னொரு ஓட்டுநர் அவருடைய மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் தராசுதான். ஆள் நல்ல வாட்டசாட்டம். அத்தானைவிட முப்பது கிலோ கூடுதல்.

அந்த வாரம் இரண்டு பிக்கப் வண்டிகள் வந்தன. ஒன்று டர்போ இஞ்சின், மற்றது இஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். கூடவே முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இனிமேல் ஒரு ஓட்டுநர் போதுமாம். எந்த வண்டி முந்துகிறதோ அதை ஓட்டியவர் இருக்கலாமாம். வண்டி தோற்றால் மனுஷனை வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயமோ, அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும்.

மூத்தவர் என்பதால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தராசுக்குக் கிடைத்தது. அவர் யோசிக்காமல் டர்போவைக் கேட்டார். ஹைபிரிட்டில் மிதித்த உடனேயே மோட்டார் இழுத்துக்கொண்டு போய்விடும், அதில் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று அவருக்கு இளக்காரம். டர்போவில் இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலேட்டரில். இஞ்சின் முறுக்கேறும் வரை பிடித்துவைத்து, சமயம் பார்த்து விட வேண்டும். அந்த வித்தை தன் காலில் மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு மிதப்பு. வயது ஐம்பத்து மூன்று, இரண்டு பிள்ளைகளின் படிப்பு இன்னும் முடியவில்லை. இந்த மிதப்பு தேவையா?

ஊருக்கு வெளியே, விமானம் இறங்காத பழைய ஓடுபாதையில் சோதனை நடந்தது. காற்று ஏமாற்றக்கூடாதென்று போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுத்தார்கள். ஹைபிரிட் 8.17 நொடி. டர்போ 8.12. தராசுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மூட்டையை இறக்கலாமென்று டர்போவின் பின்பக்கத் தார்ப்பாயை விலக்கினார். மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய போர்வை சுருட்டிக் கிடந்தது. மூட்டை ஏற்றும் வேலை மைத்துனனுடையது. அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்குடா இப்படிப் பண்ணின?"

"எனக்கு வேற எடத்துல வேலை கிடைச்சிடும் அத்தான். இந்த வயசுல உங்களுக்கு யார் தருவா? பேசாம வாங்க."

தராசுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் வேலை வாங்கிக் கொடுத்த பயல், தனக்கே பிச்சை போடுகிறானே! அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்காமல், விறுவிறுவென்று முதலாளியிடம் போனார். மூட்டையை ஏற்ற மறந்துவிட்டேன், மறுபடி ஓட்ட வேண்டும் என்றார். அந்த மட்டும் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மணலோடு ஓட்டினார். கால் வித்தையெல்லாம் காட்டினார். 8.22.

விதியென்றால் விதிதானே, அதுவும் நீங்கள் போட்டது என்று முதலாளி வருத்தத்தோடு சொல்லி, எடை போட்ட சீட்டின் பின்னாலேயே அவர் கணக்கைத் தீர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பிள்ளைகளின் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் நேர்மையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. நல்ல காரியம் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார், பாவி மனுஷன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் அந்த மூட்டையை எடுத்தது உங்களுக்காகன்னா நினைச்சீங்க? எனக்காக எடுத்தான். அதைத் திருப்பிக் குடுக்க நீங்க யாரு?"

பிறகு அடுத்த சட்டையை விரித்துப்போட்டு, காலரிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.