வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை

"உங்கள் மனைவியின் உடல் இந்த மாத்திரையை ஏற்கவில்லை. வாந்தி நிற்காவிட்டால் நிறுத்திவிடுவோம்." கடந்த தபசுகால நோன்பின் இரண்டாம் வாரத்தில் மருத்துவர் இப்படிச் சொன்னார். என் மனைவி திரேசாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மாத்திரை நின்றால் வேறு வழி உண்டா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதன் வேலையை அவர் முன்பே விளக்கியிருந்தார். நம் உயிரணுக்களுக்குள் லைசோசோம் எனும் நுண்ணிய பைகள் உள்ளன; கழிவைச் செரிப்பது அவற்றின் தொழில். புற்றணுவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களையும் அப்பைகளுக்குள் இழுத்துச் செரித்துவிடுகிறது. உடலின் காவலணுக்கள் பகையை அறியாமல் கடந்துபோகின்றன. காவலைத் தூண்ட நோயெதிர்ப்பு ஊசி. அடையாளம் அழியாமல் தடுக்க மாத்திரை. இது இன்னும் ஆய்விலுள்ள சிகிச்சை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அன்றிலிருந்து ஓரிடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. நகரின் பொலிதேயாமா பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். பேருந்தில் இருக்கை இருந்தும் நின்றேன். செபமாலை சொல்வதும் பாதியில் நின்றது. குணம் தாரும் என்று கேட்பதையும் விட்டு, "ஆண்டவரே, பிழை எங்கே என்று காட்டும்" என்று மட்டும் மன்றாடினேன்.

ஒரு வியாழன் காலை, வேலை வீட்டு எசமானியான சிஞ்ஞோரா திடீரென வெளியூர் புறப்பட, என்னைத் திருப்பி அனுப்பினார். சீசா பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். திரேசா வெறுந்தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். காலையுணவுக்கு நான் வைத்துச் சென்ற பாண் தொடப்படவில்லை.

"சாப்பாட்டோடையெல்லே போடச் சொன்னவை?"

"நான் ஒருசந்தி."

"வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லையெண்டு சுவாமி சொன்னவரெல்லே?"

"அது திருச்சபையின்ரை ஒருசந்தி. இது என்ரை நேர்த்தி. பெரியவெள்ளி வரைக்கும் ஒரு நேரந்தான் சாப்பிடுவன் எண்டு மாதாவுக்குச் சொல்லிப்போட்டன். இனி மாத்தேலாது."

"அப்ப அந்த நேர்த்தியை எனக்குத் தாரும். மிச்ச ஒருசந்தியை நான் பிடிக்கிறன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களோ? பத்து மணிக்கே பிரிட்ஜுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிப்பியள்."

உடனே எங்கள் கோயில் குருவான தமிழ்ச் சுவாமியைத் தொலைபேசியில் அழைத்தேன். "அவ சாப்பிடட்டும், நீர் பிடியும்," என்றார் அவர். "மாதா வழக்குக்கு வரமாட்டா."

அன்றே மருத்துவரிடம் உண்மையைச் சொன்னோம். முகம் சுளித்தார், பிறகு, உணவோடு தொடருமாறு சொன்னார். திரேசா உண்டாள், நான் பசித்திருந்தேன். வாந்தி தணிந்தது. மாத்திரை நிறுத்தப்படவில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் எடுத்த படத்தில் கட்டி சுருங்கியிருந்தது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி. இன்று இந்தச் செபக்கூட்டத்தில் உங்கள் முன் அதைச் சொல்கிறேன்.

கட்டி இன்னும் மறைந்துவிடவில்லை. அடுத்த படம் வரும்வரை நான் அமைதியாக இருப்பேன் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஆனால் இப்போது அவளுக்குத் தெரியாமல் நானோ, எனக்குத் தெரியாமல் அவளோ மன்றாடுவதில்லை. மருந்துக்கும் நேர்த்திக்கும் நடுவே வாய்மூடித் தவிப்பவர் உங்களில் எவரேனும் இருந்தால், பிழையைக் காட்டும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். காட்டுவார். காட்டியதை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.