மணிக்கு இரண்டு மூட்டை உப்பு

பதினான்கு வருடம் எங்களோடு இருந்த நாய் மணி, ஆவணி மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறேகாலுக்கு இறந்தது, டைரியில் குறித்திருக்கிறேன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே குழி வெட்டினோம். மேலே பிச்சிக்கொடி நட வேண்டும் என்பது மகளின் ஆசை. புதைக்கும்போது உப்புப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உப்பளத்தில் வேலை பார்க்கும் என் கணவர் தாராளமாக இரண்டு மூட்டை கொண்டுவந்துவிட்டார். நானோ மணியைத் தார்ப்பாயில் இறுக்கிச் சுற்றினேன்.

மூட்டையைப் பிரிக்கும்போது, செடி நர்சரி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மரிய அக்கா மதில் வழியே எட்டிப் பார்த்தார்.

"ஏளா, நாயப் புதைக்கியா, கருவாடு போடுதியா?"

அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

"இம்புட்டு உப்பும் தார்ப்பாயும் கெடந்தா மண்ணோட மண்ணா எப்படிளா மக்கும்? பிள்ள நடுத கொடியும் கருகிப் போவும்."

நல்லவேளை, ஒரு பிடி உப்பும் குழியில் விழவில்லை. மணியைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, நாலடி ஆழத்தில் சருகு பரப்பிப் புதைத்து, கொடியை நட்டோம். பங்குனியில் முதல் பூ வந்தது. மகள் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள்.

இப்போது தெருவில் யார் வீட்டு நாயோ பூனையோ இறந்தாலும், பருத்தித் துணியோடு முதலில் போய் நிற்பது நான்தான். உப்பு மூட்டை வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.